28,000 வெள்ளி மெஷினும் இரண்டு புள்ளியும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ போட்டுக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

மூணு மாசமா நம்ம கோயில் ஆளுங்க என்னைப் பார்க்கிற இடத்தில் எல்லாம், "என்னக்கா, மெஷின் வாங்கிட்டீங்களா?" என்று கேட்கிறாங்க. தலைவர் அண்ணன் நிர்வாகக் கூட்டத்திலேயே கேட்டுட்டார். ஆளாளுக்குத் தனித்தனியா பதில் சொல்லி முடியல. அதனால் நடந்ததை எல்லாம் இங்கே எழுதிடுறேன். தையல் மெஷின், எம்பிராய்டரி மெஷின் வாங்க யோசிக்கிறவங்களுக்கும் இது உபயோகமா இருக்கலாம்.

என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நான் பிறையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். எஸ்.பி.எம். முடிச்ச கையோட ஆப்பரேட்டரா சேர்ந்தவ, இன்னும் அங்கேதான் இருக்கேன். இப்போ வயசு 54. கோயிலில் எனக்குத் தையல் வேலை. அம்மன் பாவாடை, சந்நிதித் திரை, தேருக்குத் தொம்பை, தொண்டர்களுக்குத் துண்டு, எல்லாம் நம்ம கைதான். என் அம்மா செய்த வேலை அது. அவங்க காலமானதும் நான் எடுத்துக்கிட்டேன்.

போன வருஷம் ஆடித் திருவிழாவுக்கு என்ன நடந்துச்சு என்று பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இப்போ சொல்லிடுறேன்.

அம்மன் சந்நிதித் திரை ரொம்பப் பழசாகிப் போச்சு. அம்மா 2006ல் தைத்தது. மஞ்சள் பட்டில் சிவப்பு வெல்வெட்டை எழுத்து எழுத்தா வெட்டி வைத்து "ஓம் சக்தி" என்று தைத்திருந்தாங்க. ஓரமெல்லாம் நைந்துவிட்டது. புதுசா செய்யலாம், இந்தத் தடவை கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் பெரிய எழுத்தா போடலாம் என்று முடிவாச்சு. எனக்கு அப்போ லைனில் ஓ.டி. அதிகம். பழைய திரையை ஒரு போட்டோ எடுத்து, டவுனில் ஒரு எம்பிராய்டரி கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே மாதிரி, தங்க நிறம், எழுத்து மட்டும் இன்னும் பெருசா" என்று சொல்லிட்டேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் திரை கைக்கு வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ராத்திரி எட்டு மணிக்குக் கட்டினோம். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்போ நம்ம சமையல் கட்டில் உதவி செய்கிற தங்கச்சியோட மகள், தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டிச் சத்தமா படிச்சா.

"ஓ... ம... ச... க... தி. பெரியம்மா, ஓம சகதின்னு போட்டிருக்கு!"

புள்ளி இல்லை. ம் மேலயும் இல்லை, க் மேலயும் இல்லை. அம்மனுக்கு முன்னாடி சகதி என்று தங்க நூலில் எழுதி வச்சிருக்கோம்.

சிலர் சிரிச்சாங்க. சிலர் நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அந்த நேரத்துக்கு எந்தக் கடையைப் போய்த் தட்டுறது? திரையைக் கழற்றி மண்டபத்துத் தரையில் விரிச்சு, ஐம்பது காசு நாணயத்தை வைத்து இரண்டு வட்டம் போட்டு, ஜரிகை நூலைக் கோர்த்துக் கையாலேயே நிரப்பினேன். முடிக்க நடுராத்திரி தாண்டிடுச்சு. மறுநாள் காலையில் கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் சீனர், தமிழ் தெரியாது. "ஆன்டி, நீங்க அனுப்பின படத்தில் இருக்கிற மாதிரிதான் செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாக்குச் சொல்றார் என்று நினைச்சுப் போனை வச்சுட்டேன்.

அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே நம்ம சாமி வேலையை வெளியே கொடுக்கிறதில்லை, நாமே ஒரு மெஷின் வாங்கணும் என்று. அதுவும் சின்ன மெஷின் இல்லை. தையலும் எம்பிராய்டரியும் ரெண்டும் செய்கிற பெரிய மெஷின். அதுமேல "அம்மா நினைவாக" என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டணும் என்றுகூட மனசுக்குள்ள எழுதி வச்சாச்சு.

ஒரு சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனேன். விலை 28,000 வெள்ளி. நான் சொல்றது எழுத்துப் பிழை இல்லை. எங்க வீட்டுக்காரர் ஓட்டுகிற செக்கண்ட்ஹேண்ட் காரை விட அதிகம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், மெஷின் நிஜமாவே அற்புதம். ஊசியில் நூலைத் தானே கோர்க்குது. வேலை முடிஞ்சா நூலைத் தானே வெட்டுது. டிசைன் எந்த இடத்தில் விழும் என்று துணி மேலேயே வெளிச்சம் போட்டுக் காட்டுது. நிமிஷத்துக்கு ஆயிரம் தையல் வரைக்கும் போடும் என்றாங்க. விற்பனைப் பிள்ளை ஒரு ரோஜாப் பூவைத் தைத்துக் காட்டினாள். மெஷின் தானாக ஓட, நாங்க ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்தோம். எங்க அம்மா உயிரோட இருந்து இதைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க என்று நினைச்சேன். பால்மரம் வெட்டிக்கிட்டே, தோட்டத்தில் மாசத் தவணை கட்டி ஒரு சிங்கர் கால்மெஷின் வாங்கினவங்க. அந்த மெஷின் இன்னும் என் வீட்டில் ஓடுது. மோட்டார் மட்டும் நான் மாட்டினேன்.

பணம்? இ.பி.எஃப்.பில் இருக்கு. 50 வயசு ஆனதும் ஒரு பகுதியை எடுக்கலாம், நான் இதுவரை தொடல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் லாரி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருக்கார். "உன் காசு, உன் உழைப்பு, நான் என்ன சொல்ல" என்றார். வேணாம் என்று சொல்லியிருந்தா சண்டை போட்டு வாங்கியிருப்பேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ராத்திரி தூக்கம் வரல. மகள் ஜொகூரில் இருந்து போனில், "வாங்குங்கம்மா, உங்களுக்குன்னு என்னைக்கு எதை வாங்கினீங்க?" என்றாள். அதுவும் சரியாத்தான் இருந்துச்சு.

கம்பெனியில் ஒரு புது மெஷின் வரணும் என்றால் நாங்க சும்மா வாங்க மாட்டோம். எத்தனை மணி நேரம் ஓடும், ஒரு பீஸுக்கு எத்தனை வினாடி, நின்னுபோனா என்ன ஆகும், யார் ரிப்பேர் செய்வா, எல்லாத்தையும் எழுதிக் காட்டணும். கம்பெனிக் காசுக்கு அவ்வளவு கணக்குப் பார்க்கிறவ, என் காசுக்கு ஏன் பார்க்கக் கூடாது? ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

முதல் கணக்கு, ஒரு வருஷத்தில் நம்ம கோயிலுக்கு என்ன தைக்கிறோம்? பழைய ரசீது, போட்டோ எல்லாம் பார்த்து எழுதினேன். அம்மனுக்கும் மற்ற சந்நிதிக்கும் பாவாடை, வேட்டி. பிள்ளையார், முருகன், மதுரை வீரன், முனியாண்டி சந்நிதிக்குத் திரை. தொம்பை. தேர்த் துணி. தொண்டர் துண்டு 60. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 210 மணி நேரத் தையல். இதில் எம்பிராய்டரி எவ்வளவு? துண்டுகளில் கோயில் பெயர், இரண்டு திரை, சில பாவாடைக் கரை. தாராளமா போட்டாலும் 35 மணி நேரம். மீதி எல்லாம் நேர்த் தையல், கொசுவம், கரை வைக்கிறது, லைனிங் கொடுக்கிறது. நேர்த் தையலுக்கு 28,000 வெள்ளி மெஷின் தேவையில்லை. அம்மாவோட சிங்கரே போதும்.

இரண்டாவது, வெளியே கொடுத்தா எவ்வளவு ஆகுது? துண்டுக்கு 8 வெள்ளி வீதம் 480. திரை இரண்டுக்கு 360. சில்லறை வேலை 110. ஆக, வருஷத்துக்கு 950 வெள்ளி. மெஷின் 28,000. அதோட, டிசைன் செய்கிற சாஃப்ட்வேருக்குத் தனியா 4,000 சொன்னாங்க. மொத்தம் 32,000. 950ஆல் வகுத்துப் பாருங்க. போட்ட காசு திரும்ப 33 வருஷத்துக்கு மேல ஆகும். அப்போ எனக்கு 88 வயசு. ஊசி கண்ணுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

சாஃப்ட்வேர் எதுக்கு என்று கேட்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். மெஷினுக்குள்ளேயே எழுத்து இருக்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்தாங்க. திறந்து பார்த்தா ஆங்கிலம் விதவிதமா இருக்கு, இன்னும் சில மொழியும் இருக்கு. தமிழ் இல்லை. தமிழில் "ஓம் சக்தி" வேணும் என்றால், எழுத்தைக் கம்ப்யூட்டரில் வரைஞ்சு, எந்த இடத்தில் எந்தத் திசையில் எவ்வளவு நெருக்கமாத் தையல் விழணும் என்று நாம்தான் சொல்லிக் கொடுக்கணும். படத்தைப் போட்டா தானா தைச்சிடும் என்பது இல்லை. அது தனித் தொழில். அந்தக் கடைக்காரத் தம்பி அதைத்தான் செய்து பிழைக்கிறார்.

மூணாவது, அளவு. எம்பிராய்டரியில் துணியை ஒரு ஃபிரேமில் இறுக்கி மாட்டணும். ஃபிரேம் எவ்வளவோ, ஒரே தடவையில் தைக்கிற டிசைனும் அவ்வளவுதான். நான் பார்த்த பெரிய மெஷினின் பெரிய ஃபிரேமே ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளம். நம்ம திரையில் எழுத்து மட்டும் மூணு அடிக்கு மேல. மூணு தடவையாவது கழற்றிக் கழற்றி மாட்டணும். கொஞ்சம் கோணினா எழுத்து ஏறி இறங்கி நிற்கும். சின்ன மெஷின் எல்லாம் 10க்கு 10 சென்டிமீட்டர்தான். விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஃபிரேம் அளவைப் பாருங்க.

நாலாவது, நிறம். இந்த மெஷினில் ஊசி ஒண்ணுதான். ஆறு நிறம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் மெஷின் நிற்கும், நாம் எழுந்து போய் நூல் மாத்தணும். கடைக்காரங்க வச்சிருக்கிறது ஆறு ஊசி, பத்து ஊசி மெஷின், நிறத்தை அதுவே மாத்திக்கும். ஆனா அந்த மாதிரி மெஷினில் பாவாடை தைக்க முடியாது, அது எம்பிராய்டரிக்கு மட்டும்தான்.

அஞ்சாவது எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது. ஒரே உடம்பில் தையலும் எம்பிராய்டரியும் இருந்தா, எம்பிராய்டரி ஓடும்போது தைக்க முடியாது. திரையில் அறுபதாயிரம் தையல் என்று வைங்க. பட்டுத் துணி, ஜரிகை நூல் என்றால் வேகத்தைக் குறைக்கணும். நிமிஷத்துக்கு 600 போட்டாலே நூறு நிமிஷம். அவ்வளவு நேரமும் பாவாடை வேலை சும்மா கிடக்கும். மெஷின் கெட்டுப் போனா ரெண்டு வேலையும் ஒண்ணா நிற்கும். சர்வீஸுக்குக் கோலாலம்பூர் அனுப்பணும், மூணு வாரம் ஆகலாம் என்றாங்க. ஆடிக்கு முன்னாடி மூணு வாரம் மெஷின் இல்லை என்றால் என்ன செய்ய? லைனில் நாங்க இப்படி ஒரே மெஷினை நம்பி எப்பவும் இருக்க மாட்டோம்.

இவ்வளவு எழுதியும் மனசு கேட்கல. உண்மையைச் சொல்லணும் இல்ல? கணக்கு வேணாம் என்றது, ஆசை வேணும் என்றது. அதனால் இன்னொரு தடவை ஷோரூமுக்குப் போனேன். இந்தத் தடவை அம்மன் பாவாடையில் மிஞ்சின பட்டுத்துண்டையும் ஜரிகை நூலையும் கையோட எடுத்துப் போனேன். "இதில் தைச்சுக் காட்டும்மா" என்றேன்.

போன தடவை ரோஜாப் பூ தைத்தது கெட்டியான துணியில். பட்டில் அப்படி இல்லை. ஜரிகை நூல் மூணு தடவை அறுந்தது. பூவைச் சுற்றித் துணி சுருங்கி இழுத்துக்கிச்சு. பாவம் அந்தப் பிள்ளை, நல்லவ, ஊசியை மாத்தினா, வேகத்தைக் குறைச்சா, அடியில் இன்னொரு தாள் வச்சா. நாலாவது தடவை நல்லா வந்தது. அப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சது. வேலை வந்தது மெஷினால் மட்டும் இல்லை, அவளுக்குக் கை பழகியிருக்கு. அந்தப் பழக்கம் எனக்கு வர எத்தனை வருஷம் ஆகும்? வருஷத்துக்கு 35 மணி நேரம் ஓட்டினா வரவே வராது.

மெஷின் வாங்கப் போறவங்க தயவுசெய்து இதைச் செய்யுங்க. கடையில் வச்சிருக்கிற துணியில் பார்க்காதீங்க. உங்க துணி, உங்க நூல், உங்க டிசைன் கொண்டு போங்க.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஃபிரேமுக்கு அளவு சரியா பார்க்கலாம் என்று அம்மா தைத்த பழைய திரையைப் பெட்டியில் இருந்து எடுத்தேன். போன வருஷம் கழற்றி மடிச்சு வச்சது, அதுக்கப்புறம் தொடவே இல்லை. படுக்கையில் விரிச்சு டேப் வச்சுக்கிட்டே வந்தேன். ம மேல கை போனப்போ என்னமோ வித்தியாசமாப் பட்டுச்சு.

மஞ்சள் பட்டு எல்லா இடத்திலும் வெளுத்துப் போயிருக்கு. ஆனா ம மேல ஒரு சின்ன வட்டம் மட்டும் வெளுக்காம புதுத் துணி மாதிரி இருக்கு. சுத்தி ஊசித் துளை. ஒரு துளையில் அறுந்த நூல் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. க மேலயும் அதே மாதிரி ஒரு வட்டம்.

அப்போதான் ஞாபகம் வந்தது. அம்மா புள்ளிக்கு வெல்வெட் வைக்கல. வட்டக் கண்ணாடி வச்சுத் தைத்திருந்தாங்க. ஐயர் தீபாராதனை காட்டும்போது அந்த ரெண்டு புள்ளியும் மின்னும். "புள்ளியில் அம்மன் கண்ணு தெரியுதுடி" என்று சொல்வாங்க. எப்போ விழுந்துச்சோ தெரியாது. துவைச்சப்போ விழுந்திருக்கலாம். நான்தானே துவைச்சேன்.

ஆக, நான் போட்டோ எடுத்த அன்னைக்கே புள்ளி இல்லை. கடைக்காரத் தம்பி சொன்னது சாக்கு இல்லை, சத்தியம். அவர் நான் அனுப்பினதை அப்படியே தைச்சார். எத்தனை வருஷமா நம்ம சந்நிதியில் "ஓம சகதி" தொங்கிக்கிட்டு இருந்துச்சோ, நம்ம யார் கண்ணிலும் படல. ஏன்னா நாம யாரும் அதைப் படிக்கல. மனப்பாடமாத் தெரிஞ்சதை யார் படிப்பா? எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பிள்ளைதான் உண்மையில் படிச்சா.

கம்பெனியில் ரிஜெக்ட் வந்தா, ஏன், ஏன் என்று அஞ்சு தடவை கேட்கச் சொல்லுவாங்க. நான் ஆப்பரேட்டர் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறதே அதுதான். புள்ளி ஏன் இல்லை? கடைக்காரர் போடல. ஏன் போடல? படத்தில் இல்லை. படத்தில் ஏன் இல்லை? கண்ணாடி விழுந்திருச்சு. விழுந்தது ஏன் தெரியல? நான் பார்க்கல. தைக்கிறதுக்கு முன்னாடி ஏன் பார்க்கல? மாதிரி ஒண்ணு காட்டுங்க என்று நான் கேட்கவே இல்லை. லைனில் முதல் பீஸைச் சரி பார்த்துக் கையெழுத்துப் போடாம நான் ஒரு லாட்டைக்கூட ஓட விட்டதில்லை. சாமி வேலையில் மட்டும் போட்டோவை அனுப்பிட்டு ஓ.டி.க்குப் போயிட்டேன்.

அப்போ 28,000 வெள்ளி மெஷின் என் வீட்டிலேயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அதே போட்டோவை வச்சு, அதே சகதியை நானே தைத்திருப்பேன். இன்னும் அழகா.

அன்னைக்கு அழுதேன். மெஷினுக்காக இல்லை. அம்மா வச்ச புள்ளியை நான் தொலைச்சுட்டேன், அதுவும் தெரியாம இன்னொருத்தர் மேல ஒரு வருஷம் கோபமா இருந்திருக்கேன். அந்த மெஷின் மேல அம்மா பேரை ஒட்டணும் என்று ஏன் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்றும் யோசிச்சேன். ஒரு பெரிய பொருளா வாங்கி வச்சா அன்னைக்குப் பட்ட அவமானம் போயிடும் என்று நினைச்சிருக்கேன் போல.

மறுநாள் வேலை முடிஞ்சு நேரா அந்தக் கடைக்குப் போய், தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "பரவாயில்லை ஆன்டி. இனிமே தமிழ் எழுத்து வந்தா உங்களுக்கு முதல்ல படம் அனுப்புறேன், நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். இப்போ அப்படித்தான் நடக்குது. முதலில் ஒரு வேஸ்ட் துணியில் தைத்துப் படம் அனுப்புவார். நாங்க ஓகே சொன்னாத்தான் நல்ல துணியில் ஏறும்.

தலைவர் அண்ணன் நல்ல மனசோட, "கோயில் நிதியில் பாதி போடலாம், நீ பாதி போடு" என்றார். வேண்டாம் என்றேன். வருஷத்துக்கு 35 மணி நேரம் ஓடுற மெஷினுக்குச் சாமி காசைத் தொடக் கூடாது. சமையல் கட்டுக் கூரை மழைக்கு ஒழுகுது, அதை முதல்ல பாருங்க.

அப்போ என்னதான் வாங்கினேன்? தையல் கடையை மூடிய ஒரு அம்மாகிட்ட இருந்து பழைய ஜூக்கி நேர்த் தையல் மெஷின் ஒண்ணு, மேசையோட 1,200 வெள்ளி. மோட்டார் பெரிய சத்தம் போட்டுச்சு, 350 வெள்ளிக்குச் சத்தம் இல்லாத புது மோட்டார் மாத்தினோம். ஆக 1,550. என் சம்பளத்தில் கட்டினேன், இ.பி.எஃப். அப்படியே இருக்கு. 60 வயசில் ரிட்டையர் ஆகும்போது எனக்கும் வீட்டுக்காரருக்கும் அது வேணும். மெஷினை மண்டபத்துக்குப் பின்னாடி அறையில் போட்டிருக்கோம். 210 மணி நேரத்தில் 175 மணி நேர வேலை அதில்தான். பெயர் ஸ்டிக்கர் எதுவும் ஒட்டல.

பெரிய மெஷின் யாருக்குமே வேணாம் என்று நான் சொல்லல. பள்ளிக்கூட பேட்ஜ், கம்பெனிச் சட்டை, பிளவுஸ் ஆர்டர் என்று தினமும் வேலை இருக்கிறவங்களுக்கு அது சோறு போடும். தைக்கிறதே சந்தோஷம், கையில் பணமும் இருக்கு, கடன் இல்லை என்றால் தாராளமா வாங்குங்க, அதில் தப்பே இல்லை. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நோட்டில் ஒரு வருஷ வேலையை எழுதிப் பாருங்க. எந்தப் பிரச்சினைக்காக வாங்குறீங்களோ, அந்தப் பிரச்சினை மெஷினால் வந்ததா என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எனக்கு அந்தக் கேள்வி கேட்கத் தோணவே இல்லை.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வட்டக் கண்ணாடி ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். அம்மா திரையில் அந்த வெளுக்காத வட்டத்திலேயே, அதே துளை வழியா ஊசியை விட்டு, ரெண்டு புள்ளியையும் திரும்ப வச்சுத் தைச்சிட்டேன். ஓரத்துக்குப் புதுக் கரை வச்சிருக்கேன். நவராத்திரி ஒன்பது நாளும் அந்தத் திரையைத்தான் கட்டப் போறோம், ஐயர்கிட்டயும் கேட்டாச்சு.

கடைசியா ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்குத் தையல் அறை திறந்திருக்கும். இப்போ மூணு பிள்ளைங்க வந்து கத்துக்கிறாங்க, அதில் ஒருத்தன் பையன், கொசுவம் என்னை விட நல்லா பிடிக்கிறான். இன்னும் ரெண்டு பேர் வந்தா நவராத்திரிக்குள்ள ஒன்பது பாவாடையும் முடிஞ்சிடும். தைக்கத் தெரியணும் என்று இல்லை. நூல் கோர்க்கத் தெரிஞ்சா போதும்.

எழுத்து வேலை எதுவா இருந்தாலும், தைக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகிட்ட காட்டுறோம். இப்போ மூணாம் ஆண்டுக்கு வந்துட்டா. அவ எழுத்துக் கூட்டிப் படிச்சு, "சரி பெரியம்மா" என்று சொன்னாத்தான் படம் கடைக்குப் போகும். போன வாரம் தொண்டர் துண்டில் ஒரு கால் விட்டுப் போனதைக் கண்டுபிடிச்சா. ஒரு மைலோ வாங்கிக் கொடுத்தேன்.

எழுதினதில் பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க. எல்லாருக்கும் அம்மன் துணை.

ஓம் சக்தி.